ஃபார்வர்டு செய்தால் ஜிமெயிலில் இடம் கூடுமா?

"இதை 20 பேருக்கு அனுப்புங்கள், உங்கள் ஜிமெயில் 15 ஜிபியிலிருந்து 100 ஜிபி ஆகிவிடும். அனுப்பாதவர்களின் கணக்கு மூடப்படும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. நீங்கள் வாட்ஸ்அப்பில் யாருக்கு என்ன அனுப்புகிறீர்கள் என்று கூகுளுக்குத் தெரிய வழியே இல்லை.

இலவச இடம் கூடியதெல்லாம் மின்னஞ்சல் நிறுவனங்களுக்கு இடையே நடந்த போட்டியால்தான். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபியோடு வந்தபோது ஹாட்மெயில் தந்தது 2 எம்பி, யாஹூ 4 எம்பி. நாலு போட்டோ வந்தாலே பெட்டி நிரம்பிவிடும் காலம் அது! தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தவர்களும் உண்டு. சில மாதங்களிலேயே யாஹூ 100 எம்பிக்குத் தாவியது. 2013-இல் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவாக 15 ஜிபி என்றானது. 100 ஜிபி வேண்டுமானால் கூகுள் ஒன் திட்டத்தில் பணம் கட்ட வேண்டும்.

சரி, கணக்கு மூடல்? இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம் என்பது 2023-இல் அறிவித்த விதி. அவ்வப்போது உள்ளே போய் வந்தாலே போதும்.

உங்கள் இடம் எவ்வளவு என்பதை கூகுள் கணக்கின் சேமிப்பகப் பக்கத்திலும், விதிகளை கூகுளின் உதவிப் பக்கத்திலும் பார்க்கலாம். அந்தச் செய்தியில் லிங்க் இருந்தால் தொட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டைப் பிடுங்கும் வலையாக இருக்கலாம். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.