பெட்டியை மாட்டிவிட்டால் குருவி வந்துவிடுமா?

உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 நெருங்கினால் போதும், குருவி கூடு வைக்க என்று யாராவது ஒருவர் மரப்பெட்டியோடு நின்று படம் போட்டுவிடுவார். பளபளவென்று வண்ணம் பூசிய பெட்டி, முன்னால் ஒரு ஓட்டை, அதன் கீழே பறவை வந்து உட்கார ஒரு குச்சி. சிட்டுக்குருவி நாள் முடிந்தபிறகு அந்தப் பெட்டி என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. குருவி வந்ததா, முட்டை வைத்ததா, குஞ்சு பறந்ததா, ஒரு தகவலும் இருக்காது. கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நானும் அப்படி மாட்டியவன்தான். பால்கனிச் சுவரில் மூன்று வருடம் தொங்கியது. குளவி மட்டும் குடிவந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிட்டத்தட்ட நான் செய்த எல்லாமே தப்பு. பாவம், சிரமப்படாமல் போய்வரட்டும் என்று ஓட்டையைத் தாராளமாகப் போட்டிருந்தேன். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். அது பெரிதாகப் பெரிதாக மைனா மாதிரி பெரிய பறவைகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை, ஓட்டையின் விளிம்பைப் பற்றிக்கொண்டே உள்ளே போய்விடும். குச்சி வைத்தால் குஞ்சைத் தின்ன வருகிறவர்களுக்குத்தான் வசதி. இது போதாதென்று பெட்டியை மதிய வெயில் நேராக விழும் சுவரில் மாட்டியிருந்தேன், மேலே தகரக் கூரை வேறு. இறகு முளைக்காத குஞ்சுக்கு அது அடுப்பு. பலகை 15 மில்லிமீட்டராவது கனமாக இருக்க வேண்டும், அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் வேண்டும், உள்பக்கம் இழைக்காமல் சொரசொரப்பாக விட வேண்டும், இல்லையென்றால் குஞ்சு நகத்தை ஊன்றி மேலே ஏறி வர முடியாது. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்கிற பறவை என்பதால் ஒற்றைப் பெட்டியைவிட இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்லது.

இன்னொன்று, எல்லாப் பறவையும் பெட்டிக்கு வராது. பொந்திலும் சந்திலும் கூடு வைக்கிறவைதான் வரும். தேன்சிட்டு, தையல்சிட்டு, புள்ளிப்புறா எல்லாம் எத்தனை அழகான பெட்டி வைத்தாலும் எட்டிக்கூடப் பார்க்காது, அவற்றுக்குச் செடியும் கிளையும் விளிம்பும்தான் வேண்டும்.

சரி, என் முக்கியமான புகார் பெட்டி மேல் இல்லை, சுவர் மேல். பழைய கட்டடங்களில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும், பறவை அதில் வாழ்ந்துவிடும். இப்போது கண்ணாடியும் சிமெண்டுமாக வழித்து மூடிவிடுகிறோம். உழவாரன் என்று ஒரு பறவை, காலை ஊன்றி நடக்கக்கூட லாயக்கில்லாமல் வானத்திலேயே கிடப்பது. ஐரோப்பாவில் அதன் ஒரு வகை வருடத்தில் 10 மாதம் வரை தரையிறங்காமல் பறக்கும் என்று 2016இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது கீழே வருவதே கூடு வைக்கத்தான், அதுவும் வருடா வருடம் அதே பொந்துக்கு. திரும்பி வரும்போது பொந்தைப் பூசி மெழுகியிருந்தால் சுவரில் மோதி மோதித் தேடும். இதற்காகவே நடுவில் பொந்து வைத்த செங்கற்கள் இருக்கின்றன. கட்டும்போதே சுவரோடு சேர்த்து வைத்துவிட்டால் துருத்திக்கொண்டும் இருக்காது, ஆணி கழன்று விழவும் விழாது. இங்கிலாந்தின் பிரைட்டனில் 5 மீட்டருக்கு மேல் உயரமான புதுக் கட்டடங்களுக்கு 2020 முதல் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டடம் முழுவதற்கும் ஆகிற செலவில் நாலு செங்கல் எந்த மூலைக்கு?

வீடு மட்டும் கொடுத்தால் போதாது என்பதும் உண்மை. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடப் பிறந்த முதல் நாட்களில் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். தோட்டம் முழுக்க மருந்தடித்துவிட்டு, பெட்டிக்குக் கீழே அரிசியைக் கொட்டி வைத்தால் குஞ்சு எதைத் தின்னும்?

எல்லாம் சரியாக வைத்தாலும் நம் வேலை முடியாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஊதா மார்ட்டின் என்ற பறவை இன்று ஏறக்குறைய முழுக்க மனிதர்கள் வைக்கும் கூடுகளை நம்பியே குஞ்சு பொரிக்கிறது. வைத்தவர் அலுத்துப்போய் எடுத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் குறைவு. நம் பெட்டியிலும் பேனும் உண்ணியும் சேரும், பறவைகள் கூட்டைக் கைவிட்டுப் போனபிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் பெட்டி வைக்காமல், இருக்கிற ஓட்டையை அடைக்காமல் விட்டாலே பெரிய உதவி என்பது என் கட்சி.

போன வாரம் பின்பக்கக் கட்டடத்தில் காற்றுத் துவாரங்களுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கச் சொல்லிக் கீழே நின்று கத்தினேன். ஏணியில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தார். "மூணு குஞ்சு இருக்கு சார்" என்றார். அந்தத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்கு ஏணியை நகர்த்தினார்.