மெல்பாவின் முதல் வாத்தியார்

ஐஸ்கிரீம் கடைப் பலகையில் 'பீச் மெல்பா' என்று படித்திருப்பீர்கள். லண்டன் சவாய் ஹோட்டலின் சமையல் மேதை எஸ்கோஃபியே, நெல்லி மெல்பா என்ற ஓபரா பாடகிக்காக ஆக்கிய பண்டம் அது. 1861இல் பிறந்தபோது அவர் ஹெலன் போர்ட்டர் மிட்செல். பிறந்த ஊரான மெல்பர்னைச் சுருக்கித்தான் மெல்பா ஆனார். ஊர்மேல் என்ன பாசம் என்று நானும் நெடுநாள் உருகியிருக்கிறேன். இப்போது அந்த உருக்கம் பாதியாகிவிட்டது.

காரணம், பியெத்ரோ செக்கி. மெல்பர்னில் குடியேறிய இத்தாலியப் பாடகர். மெல்பாவின் குரலைப் பல ஆண்டுகள் பழக்கியவர்.

மெல்பாவுக்கு 1882இல் திருமணமாகி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே குயின்ஸ்லாந்தில் மக்காய் பக்கம் குடித்தனம். தகரக் கூரையில் ஓயாத மழை. பியானோவில் பூஞ்சை பூத்துவிட்டது. கையில் காசில்லை, மடியில் குழந்தை. பாடிப் பிழைக்க முடியுமா என்று அந்த வீட்டிலிருந்து அவர் கடிதம் எழுதிக் கேட்டது செக்கியிடம்தான். 1884இல் மெல்பர்னில் மேடையும் ஏறினார்.

1886இல் லண்டனுக்குக் கடல் கடக்கும் நேரத்தில் செக்கிக்குத் தரவேண்டிய சம்பள பாக்கி விஷயத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அதோடு செக்கியின் பெயரே மெல்பாவின் வாயில் வரவில்லை. பெருமை முழுவதும் பாரிஸில் கற்பித்த மத்தில்த் மார்க்கேசிக்குப் போனது. அவரிடம் படித்தது ஒரு வருடம்கூட இல்லை! 1887 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் 'ரிகொலெட்டோ' ஓபராவில் கில்டா வேடத்தில் பாடி ஒரே இரவில் நட்சத்திரமாகிவிட்டார். மார்க்கேசி பட்டை தீட்டினார், மறுக்கவில்லை. ஆனால் கல் ஏற்கெனவே அங்கே இருந்ததல்லவா?

மெல்பாவை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. லண்டனில் முதலில் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனிடம் பாடிக் காட்டியபோது, இன்னும் ஒரு வருடம் படித்துவிட்டு வா, சின்ன வேடம் தரலாம் என்று அனுப்பிவிட்டார். 'மெல்பர்னில் கற்றேன்' என்பது அங்கே செல்லாக்காசு. பாரிஸ் முத்திரை விழுந்தால்தான் காலனிக்காரியின் குரலுக்கு மதிப்பு. சரி, அதனால் ஆரம்பத்தில் மறைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். லண்டனின் பெரிய ஓபரா அரங்கான கோவென்ட் கார்டனையே ஆட்டிப்படைத்த பிறகு ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

1902இல் ஊர் திரும்பியபோது மகாராணிக்குச் சமமான வரவேற்பு. செக்கி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மெல்பர்னில் இறந்துபோயிருந்தார்.