பற்றிப் பற்றி அணையும் பர்னர்

தண்டையார்பேட்டையில் எங்கள் பேக்கரி அடுப்புக்கு டீசல் பர்னர். ஒரு வாரமாக விடியற்காலை நாலு மணிக்குப் பற்றும், பத்து நிமிஷத்தில் அணையும். சிவப்பு விளக்கு. ரீசெட் பட்டனை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. மெக்கானிக் வந்தார், டீசலைத் தெளிக்கும் நாசிலை மாற்றினார், காசை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே கதை. அப்புறம் நானே சுடரைப் பார்க்கும் போட்டோசெல்லைக் கழற்றினேன், அதன் முகமெல்லாம் கரி. சுடர் தெரியாவிட்டால் அது டீசலை நிறுத்தத்தானே செய்யும்? துடைத்ததும் இரண்டு நாள் ஓடியது, அவ்வளவுதான். சரி என்று ஃபில்டரைத் திறந்தால், கிண்ணத்தில் டீசலுக்கு அடியில் விரல்கடை தண்ணீர்! டேங்க் மூடி வழியாக மழை இறங்கியிருக்கிறது. ஃபில்டரை ஒரு தடவை திறந்து பார்க்க அந்த மெக்கானிக்குக்கு மனசு வரவில்லையே. மாவு பொங்கித் தட்டில் வழிகிறது, அடுப்போ ஆறிக் கிடக்கிறது. நேற்று மட்டும் நாலு தட்டு பன் குப்பைக்குப் போனது.