பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதே, மக்களே

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அடுத்த வாரம் குவைத்துக்குப் போகிறான். ஏசி மெக்கானிக். நேற்று மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக வந்தான். பேச்சோடு பேச்சாக, "பாஸ்போர்ட்டைக் கம்பெனியே வாங்கி வைத்துக்கொள்ளுமாம் பாட்டி, தொலைந்துபோகுமோ என்ற பயம் இல்லை" என்றான். அம்மா சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "கொடுக்காதே மக்களே, கொடுக்காதே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். 78 வயதில் அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பதை அவனுக்கு நேற்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. எனக்குப் பத்து வயது. குவைத்தின் சால்மியாவில் குடியிருந்தோம். அம்மா நர்ஸ், அப்பா ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். விடிவதற்குள் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது. வங்கிகள் மூடின. குபூஸ் ரொட்டி வாங்க மணிக்கணக்கில் வரிசை. பிறகு, மதிப்புக் குறைந்த ஈராக் தினாரும் குவைத் தினாரும் ஒரே மதிப்பு என்று அறிவித்தார்கள். அப்பாவின் எட்டு வருடச் சேமிப்பு ஒரு வாரச் சாமான் வாங்கக்கூடக் காணாது என்றானது.

அப்பா தூக்கத்தைத் தொலைத்தது வேறொன்றை நினைத்து. அவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. முதலாளி கோடை விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தார். சாவியும் அவரோடு. கெட்ட மனிதர் அல்ல, பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு ஆட்டிறைச்சி அனுப்புகிறவர். ஆனால் நாடு பற்றி எரிகிறபோது நல்ல மனிதரின் பெட்டியும் பூட்டிய பெட்டிதானே.

அம்மாவின் பாஸ்போர்ட் அம்மாவிடமே இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் பாஸ்போர்ட்டில் சேர்த்துவிடுவார்கள். அதனால் அம்மாவும் நானும் புறப்படலாம், அப்பா புறப்பட முடியாது. தூதரகத்துக்கு நடையாய் நடந்து, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பயணத் தாள் வாங்கி வந்தார். ஒட்டிய போட்டோவும் ஒரு முத்திரையும், அவ்வளவே. அம்மா தன் உள்பாவாடையில் துணிப்பை தைத்து, பாஸ்போர்ட்டையும் அந்தத் தாளையும் அதற்குள் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் தொடக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, டிவியையும் நகையையும் விற்று ஒரு பஸ் பிடித்தோம். பாஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எல்லைச் சாவடியில் அப்பாவை மட்டும் இறங்கச் சொன்னார்கள். இந்தத் தாள் செல்லுமா செல்லாதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா என்னை இடுப்போடு அணைத்து நின்றுகொண்டு, "அப்பா வராவிட்டால் நாமும் போகவில்லை" என்றார். சாயங்காலம்தான் விட்டார்கள். அப்பா எங்களிடம் நடந்து வந்தபோது அவர் சட்டையில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அந்த வெள்ளைக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு கூடாரத்தில் ஒன்பது நாள். தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. பகலில் நெருப்பு, இரவில் நடுக்கம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளுக்கு அம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். அதன்பிறகு ஜோர்டான் தலைநகர் அம்மான், விமானம், பம்பாய், ரயிலில் குழித்துறை.

ஏர் இந்தியா 59 நாட்களில் 488 விமானப் பயணங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று குவைத்திலிருந்த இந்தியர்களை மீட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். அந்த விமானத்தில் ஏறியவள் நான், நன்றி மறக்க மாட்டேன். ஆனால் அது அம்மானிலிருந்து புறப்பட்ட விமானம். அம்மான் வரை எங்களைக் கொண்டுசேர்த்தது அம்மாவின் மடியிலிருந்த காகிதங்கள்.

ஊரில் வந்திறங்கியபோது கையில் ஒரு பெட்டி. வீடு கட்ட வாங்கிய கடன் அப்படியே நின்றது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக் காத்திருந்த ஆச்சி, எங்களைக் கண்டதும் விளம்ப மறந்து அழுதார். ஊரிலிருந்த மிச்ச நகையும் பணயத்துக்குப் போனது. 1991-இல் ஐக்கிய நாடுகள் அவை இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. வேறு இழப்பு எதையும் கோராத குடும்பத்துக்கு 8,000 டாலர். பல வருடம் கழித்து எங்களுக்கும் அது வந்தது, பணயத்தில் கிடந்த நகை திரும்பியது. நாங்கள் குவைத்தைவிட்டு வெளியேறியதற்கு என்ன சாட்சி? அம்மாவின் பாஸ்போர்ட்டில் விழுந்திருந்த முத்திரை. அப்பாவின் பழைய பாஸ்போர்ட் கடைசிவரை வந்துசேரவில்லை.

நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு எது? அந்த வீடுகளில் எல்லாம் இதைச் சொல்லியாக வேண்டும். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளி பூட்டி வைத்துக்கொள்ள அது அவர் வீட்டுப் பண்டம் அல்ல. வீட்டுப் பணியாளர்களின் பாஸ்போர்ட்டை அவர்கள் சம்மதமில்லாமல் முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று குவைத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. "எல்லாரும் கொடுக்கிறார்கள், நாமும் கொடுப்போம்" என்று நம் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் ஏஜெண்டுகள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அதைக் கேட்டுத் தலையாட்டும் நம் மீதும்தான்.

இன்று காலை அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு கருங்கல் போய், பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்தோம். ஒன்று அவன் அம்மாவிடம், ஒன்று என்னிடம். ஏஜெண்டுக்கு அவன் போன் செய்தபோது, "அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்று வைத்துவிட்டார்களாம். புதன்கிழமை இரவு திருவனந்தபுரத்தில் விமானம். குவைத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டு வாங்கியவர் யாராவது இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். புதன்கிழமைக்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும்.