அந்த எண் குற்றத்தின் எண் அல்ல, வழக்கின் எண்

ஒருவர், "கிராமங்களில் குற்றமே கிடையாது, எல்லாம் நகரத்துச் சீரழிவு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். மத்திய அரசின் அந்தக் காப்பகம் (NCRB) அப்படிச் சொல்லவில்லை. அது எண்ணுவது காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை. நடந்த குற்றங்களை அல்ல. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று காப்பகத்தின் ஆண்டறிக்கையே எச்சரிக்கிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள்!

டெல்லியில் வண்டி காணாமல் போனால் ஆன்லைனிலேயே முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிடும். காப்பீட்டுப் பணம் வாங்க அந்தக் காகிதம் வேண்டும், அதனால் அநேகமாக எல்லோரும் புகார் கொடுக்கிறார்கள். கிராமத்தில் ஆடு களவு போனால் எத்தனை பேர் நிலையத்தின் படியேறுகிறார்கள்? வரப்புத் தகராறும், வீட்டுக்குள் விழும் அடியும், சாதியின் பேரால் நடக்கும் தாக்குதலும் கட்டப்பஞ்சாயத்தில் 'பேசி முடிக்கப்பட்டால்' அவை எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

இன்னொரு ஓட்டை. பெருநகரங்களின் குற்ற விகிதத்தை, அதாவது லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதை, 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே வகுத்து வந்திருக்கிறார்கள். அதற்குப் பின் பெங்களூரு எவ்வளவு பெருத்துவிட்டது! வகுக்கும் எண் பழையதாக இருந்தால் விகிதம் வீங்கித்தான் தெரியும்.

வாகனத் திருட்டு நகரத்தில் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு கொலைக்கும் வன்கொடுமைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. குற்ற வகையைப் பிரித்துக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.