துணியில் வடிகட்டினால் மட்டும் போதாது

ஜவ்வாது மலை நடைப்பயணம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஓடைநீரை நான்காக மடித்த வேட்டித்துணியில் வடிகட்டிக் குடிக்கலாம் என்கிறது. துணி மண்ணையும் சருகுத் தூளையும் நிறுத்துமே தவிர, நோய்க்கிருமிகளை முழுமையாக நிறுத்தாது. அமிர்திக் காட்டுப் பக்கம் மழைக்கு மறுநாள் நான் மொண்ட நீர் செம்மண் கரைசலாகவே இருந்தது. எங்கள் பாட்டி செய்வதுபோல் தேற்றாங்கொட்டையைக் கல்லில் இழைத்துக் கலந்து, சில மணி நேரம் அசைக்காமல் வைத்ததில், கலங்கல் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்தது. தெளிந்ததே தவிர, அதுவும் அப்படியே குடிக்கத் தக்கதன்று. அதை இறுத்து, தளதளவென்று கொதி வந்த பின் 1 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில்தான் 3 நிமிடம் தேவை, ஜவ்வாது மலை அவ்வளவு உயரமில்லை. கொதிக்கவைப்பதற்குப் பதில் குளோரின் மாத்திரை போடுவதானாலும், அதைத் தெளிந்த நீரில் போட்டு 30 நிமிடமாவது காத்திருக்க வேண்டும்; கலங்கிய நீரில் அதன் வீரியம் அழுக்கோடு வீணாகிவிடும்.

ஆனால் மலையிறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் குடிக்க எண்ணுவோருக்கு இவை எவையும் உதவா. தோல் பதனிடும் கழிவிலிருந்து வரும் குரோமியமும் உப்பும் கொதிக்கவைப்பதால் போவதில்லை. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும். அங்கே வீட்டுக் குடிநீரையே கொண்டு செல்லுங்கள்.