கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தைப் படியுங்கள்

கிராம சபையில் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த கூட்டத்தில் "போன தடவையே சொன்னோமே" என்று சண்டைக்கு நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சொன்னது உண்மைதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. அதில் ஏறாத பேச்சு ஊர் எல்லையைத் தாண்டாது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கிராம சபைகள். கூட்டப் பொருள் பெரும்பாலும் மேலிருந்தே அச்சாகி வந்துவிடும். உங்கள் தெருக் குழாய் கடைசியில், "இதர பொருட்கள்" என்ற வரியில் ஒண்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும்.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, வேறு இருக்கிறது. 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்தக் கணக்கைக் காட்ட நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவது பல ஊர்களில் வழக்கம். கையெழுத்து காலையில், தீர்மானம் சாயங்காலம்!

அதனால் தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், இரண்டு பிரதி. "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். எந்த வார்டு, எந்தத் தெரு, எத்தனை வீடு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எல்லாம் இருக்கட்டும். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அரசே சொன்ன அளவு, அதையும் சேருங்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு தீர்மானம். தெருவிளக்கு ஊராட்சி வேலை, சாய்ந்த கம்பம் மின்வாரிய வேலை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்று கட்டாயம் தொலையும்.

எழுதியதை வாசிக்கச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தை செல்போனில் படமெடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். படமெடுக்க விடவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். மனுவுக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மக்கள் வருவதில்லை என்று அதிகாரிகள் குறைப்படுகிறார்கள். போன கூட்டத்துத் தீர்மானங்கள் என்னவாயின என்பதை முதல் பொருளாக வைத்து, முடிந்தது, இன்ன அலுவலகத்தில் நிற்கிறது, இன்ன காரணத்தால் முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வாசிக்கட்டுமே. முடியாது என்று சொல்லக்கூட ஆளில்லாத இடத்துக்கு, கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்னால் வர வேண்டும். வந்த அன்றே எழுதி வைத்துவிடுங்கள். பந்தலில் கூச்சல் ஆரம்பித்த பிறகு பேனா ஓடாது.